மூன்று நொடி பார்த்த கரண்டிவாய் உள்ளான்

ஜனவரி 6 – ஒரு வாசகரின் கேள்வி

ஆறு வருடமாகப் பறவை பார்க்கிறேன். போன ஞாயிறு கழிமுகத்துச் சேற்றுத்திட்டில், கொசு உள்ளான் கூட்டத்துக்கு நடுவே ஒரு கரண்டிவாய் உள்ளானைப் பார்த்தேன். அலகு நுனி அகன்று தட்டையாக இருந்தது. மூன்று நொடி, மிஞ்சிப்போனால் நான்கு. தலையைக் குனிந்தபடி அலகை இடமும் வலமுமாகத் துழாவிக்கொண்டே நடந்தது. கேமராவைத் தூக்குவதற்குள் கூட்டமே எழும்பிவிட்டது. பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் பட்டியலில் பதிந்தேன். மறுநாளே சரிபார்ப்பவர்களிடமிருந்து கேள்விகள்: படம் உண்டா, காலில் கொடி இருந்ததா, எவ்வளவு தூரம்? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். 'உறுதிசெய்ய இயலவில்லை' என்று முடித்துவிட்டார்கள். பெயர் பெற்ற ஒருவர் இதையே பதிந்திருந்தால் இப்படிக் கேட்டிருப்பார்களா? என்னைப் பொய்யன் என்கிறார்கள், அவ்வளவுதானே?

ஜனவரி 6, இரவு

அப்படி இல்லை. ஒன்பது வருடமாக இப்படி வரும் பதிவுகளைச் சரிபார்க்கும் வேலையை நானும் செய்கிறேன். உங்கள் பதிவு என் கைக்கு வரவில்லை. வந்திருந்தால் நானும் அதே பதிலைத்தான் அனுப்பியிருப்பேன்.

கரண்டிவாய் உள்ளான் உலகம் முழுக்கச் சேர்த்தே சில நூறுதான் மிச்சம். ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில், சுக்கோட்காவில் முட்டையிட்டு, ஆசியக் கடற்கரைச் சேற்றுவெளிகளுக்கு வலசை வருகிற பறவை. கொசு உள்ளானோ ஆயிரக்கணக்கில் வரும். உருவம், நிறம் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. கொசு உள்ளான் சேற்றைக் குத்தி எடுக்கும்போது அலகு நுனியில் ஒரு சேற்று உருண்டை ஒட்டிக்கொண்டால் போதும், தூரத்திலிருந்து அச்சு அசல் கரண்டி. இரண்டு தடவை நானே அதைப் பார்த்து மூச்சடைத்து நின்றிருக்கிறேன். இரண்டு தடவையும் பறவை அலகைத் தண்ணீரில் அலசியது, கரண்டி கரைந்துபோனது. மூன்று நொடியில் யாராலும் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

கொடி பற்றிக் கேட்டதும் உங்களை மடக்க இல்லை. இந்த இனத்தில் பல பறவைகளின் காலில் நிறக் கொடி கட்டி விட்டிருக்கிறார்கள். ஒரு கொடி தெரிந்திருந்தால் அதை எங்கே கட்டினார்கள் என்பதுவரை சொல்லிவிடலாம்.

ஜனவரி 7

பொய்யன் என்ற சொல் மனதை விட்டுப் போகவில்லை. அதனால் ஒரு கணக்கு.

ஒரு சேற்றுவெளியில் 10,000 கொசு உள்ளான், அவற்றோடு ஒரே ஒரு கரண்டிவாய் உள்ளான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவர் மிகத் தேர்ந்தவர், 100 பறவையில் 99-ஐச் சரியாகச் சொல்வார். அப்படியும் அந்த வெளியை முழுக்கப் பார்த்து முடிக்கும்போது 100 கொசு உள்ளானைக் கரண்டிவாய் என்று எழுதியிருப்பார். உண்மையான பறவை அந்த 101-க்குள் ஒன்று. அவரை இன்னும் உயர்த்தி ஆயிரத்துக்கு ஒன்றுதான் தவறுவார் என்றாலும் பத்துத் தவறு, ஒரு சரி. இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாருக்கும் கண் கெட்டுப்போகவில்லை. பறவை அவ்வளவு அரிது என்பதே காரணம். பதிவைத் திறக்கும்போது என் முன்னால் இந்தக் கணக்குதான் நிற்கிறது, உங்கள் முகம் இல்லை.

ஜனவரி 7, மாலை

நேற்று 'யாராலும் முடியாது' என்று எழுதியது மிகை. நல்ல வெளிச்சத்தில், 20 மீட்டரில், பறவை நேராக முகம் காட்டினால் மூன்று நொடி தாராளம். தூரம் எவ்வளவு என்று கேட்பதே அதற்காகத்தான்.

ஜனவரி 9

தூரம் என்றதும் வெளிச்சமும் ஞாபகம் வருகிறது. சாயங்கால வெயில் எந்தப் பழுப்புப் பறவையையும் செம்பழுப்பாக்கிவிடும். கேமராவில் ஒளி கூடிவிட்டால் சாம்பல் வெளுத்து வெள்ளையாகும். கானல் அலையில் கால் நீளும், அலகு வளையும். தனியாக நிற்கும் பறவையின் பருமனை மதிப்பிடவே முடியாது, பக்கத்தில் தெரிந்த பறவை ஒன்று நிற்க வேண்டும். இறகு உதிர்க்கும் காலம், நனைந்த இறகு, நிறமி குறைந்து பிறந்த வெளிர் பறவை, கலப்பினம், கூண்டிலிருந்து தப்பியது... அரிய பறவை என்று எனக்கு வந்தவற்றில் பெரும்பகுதி கடைசியில் இவற்றில் ஒன்றில்தான் போய் முடிந்தது.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பயம் தருவது புத்தகம். களத்தில் ஒரு பறவையைப் பார்க்கிறோம், கையேட்டைத் திறக்கிறோம். படத்தில் புருவக்கோடு இருக்கிறது. அந்த நிமிடத்திலிருந்து நம் நினைவிலும் புருவக்கோடு வந்துவிடுகிறது. பார்த்தோமா, படித்தோமா என்று பிறகு நமக்கே பிரிக்கத் தெரியாது. ஆகவே புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கையேட்டைத் தொடும் முன் எழுதிவிடு. கண்ட வரிசையிலேயே எழுது. காணாததை 'பார்க்கவில்லை' என்று எழுது. பென்சிலால் கிறுக்கிய கோணல் படமானாலும் பரவாயில்லை.

ஜனவரி 10

குரலை வைத்துப் பெயர் சொல்லும் செயலிகள் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் திரையில் பெயர் வந்ததை மட்டும் வைத்துப் பதியாதீர்கள். கரிச்சான் வேறு பறவைகளின் குரலை எடுத்துப் பாடும். மைனாவும் அப்படித்தான். செயலி கேட்டது கரிச்சான் வாயிலிருந்து வந்த வல்லூறாக இருக்கலாம். ஒலிப்பதிவை வைத்திருங்கள், சத்தம் வந்த மரத்தை நோக்கி நடங்கள்.

ஜனவரி 12

கேள்வி கேட்டவரிடமிருந்து பதில் வந்தது, ஒரே வரி: 'துழாவிக்கொண்டே நடந்தது என்று எழுதியிருந்தேன், அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.'

திரும்பப் போய்ப் படித்தேன். எழுதியிருக்கிறார். நான் அலகின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு சேற்று உருண்டைக்குத் தாவிவிட்டேன். கொசு உள்ளான் தையல் ஊசி மாதிரி டக் டக்கென்று கொத்தும், கொத்திவிட்டு ஓடும், மறுபடி கொத்தும். தலையைக் குனிந்தபடி அலகைப் பக்கவாட்டில் துழாவிக்கொண்டு போவது கரண்டிவாய் உள்ளானின் பழக்கம். அலகு நுனியில் சேறு ஒட்டலாம், நடத்தை ஒட்டாது. அவர் கொடுத்த சாட்சியங்களில் பலமானதை நான் படிக்கவே இல்லை.

இது எனக்கு முதல் தடவையும் இல்லை. நாலைந்து வருடம் முன்பு, கடலிலிருந்து வெகு தூரத்தில் உள்ள ஒரு ஏரியிலிருந்து பள்ளி மாணவி ஒருத்தி பதிவு அனுப்பினாள்: செங்கழுத்து ஃபாலரோப், ஒன்று. புயல் ஓய்ந்த மூன்றாம் நாள். படம் இல்லை. 'சின்னப் பறவை, தண்ணீரில் மிதந்துகொண்டே பம்பரம் மாதிரி ஒரே இடத்தில் சுழன்றது, நடுநடுவே தண்ணீரைக் கொத்தியது' என்று எழுதியிருந்தாள். அடிபட்ட கொசு உள்ளானாக இருக்கும் என்று நான் பதில் அனுப்பினேன். செங்கழுத்து ஃபாலரோப்புகள் இனப்பெருக்கக் காலம் போக மீதி நாளைக் கடலில் மிதந்தே கழிப்பவை. சுழன்று சுழன்று நீரைக் கலக்கி, அடியிலிருக்கும் சிற்றுயிர்களை மேலே கொண்டுவந்து கொத்தித் தின்பவை. வேறு எந்தக் கரைப்பறவையும் அப்படிச் செய்யாது. அதைப் படித்தும்தான் மறுத்தேன். இரண்டு நாள் கழித்து வேறொருவர் அதே ஏரியில் படம் எடுத்தார். அவருடைய பதிவு ஐந்து நிமிடத்தில் ஏற்கப்பட்டது. அவளுடையதைத் திருத்தி ஏற்றுக்கொண்டோம், மன்னிப்பும் கேட்டேன். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு பட்டியல்கூட வரவில்லை.

நிராகரித்த பதிவுகளில் அந்த ஒன்றைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 12, பின்னிரவு

என்றாலும் படமும் ஒலிப்பதிவும் இல்லாத, ஒருவர் மட்டுமே பார்த்த, இவ்வளவு அரிய பறவையின் பதிவை ஏற்க முடியாது என்ற என் கருத்து மாறவில்லை. மாறியது வேறு. 'உறுதிசெய்ய இயலவில்லை' என்பதோடு 'நீங்கள் சொன்ன நடத்தை பொருந்துகிறது, இன்னின்ன காரணத்தால் மட்டும் நிறுத்திவைக்கிறோம்' என்று எழுத இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தை நாங்கள் பல பேருக்குக் கொடுப்பதில்லை.

ஜனவரி 15

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு இப்போதுதான் வருகிறேன். பெயர் பெற்ற ஒருவர் பதிந்திருந்தால்?

கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டாலும் மெதுவாகக் கேட்டிருப்பார்கள். இதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. பறவையியலில் நடந்த பெரிய மோசடிகளை எடுத்துப் பாருங்கள், தெரியாத ஆள் செய்தது குறைவு.

இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரைச் சுற்றி 1892-லிருந்து 1930 வரை அரிய பறவைகள் வந்து குவிந்தன. அநேகமாக எல்லாம் சுடப்பட்ட, புத்தம்புதிய உடல்கள். பெரும்பாலானவை ஜார்ஜ் பிரிஸ்டோ என்ற, செத்த பறவைகளைப் பாடம் செய்பவரின் கடை வழியாக வந்தவை. மதிப்புள்ள பறவையியலாளர்கள் அவற்றைக் கையில் வாங்கிப் பார்த்து, இனத்தைச் சரியாகவே அடையாளம் கண்டு, பெயர் போட்டுப் பிரசுரித்தார்கள். பறவை அசல். அது அங்கே சுடப்பட்டதா என்பதுதான் கேள்வி, அதை அழுத்திக் கேட்டவர்கள் குறைவு. 1962 ஆகஸ்டில் 'பிரிட்டிஷ் பேர்ட்ஸ்' இதழில்தான் கணக்கு தீர்ந்தது. ஜான் நெல்டர் என்ற புள்ளியியலாளர் அந்த வட்டாரப் பதிவுகளைப் பக்கத்து வட்டாரங்களோடும் பிந்தைய ஆண்டுகளோடும் ஒப்பிட்டு, இயற்கையாக இப்படி நடக்கவே முடியாது என்று காட்டினார். 29 இனங்களும் துணையினங்களும் பிரிட்டன் பட்டியலிலிருந்து ஒரே வீச்சில் நீங்கின.

அடுத்தது கர்னல் மைனெர்ட்ஸாகன். ராணுவ அதிகாரி, பறவையியலில் பெரிய பெயர். அருங்காட்சியகத்திலிருந்து பறவை உடல்களைத் திருடி, தானே சேகரித்ததாகப் புதுச் சீட்டு கட்டிவைத்தவர். இந்தியாவின் காட்டுச் சிற்றாந்தை விஷயத்தில் இது எவ்வளவு தூரம் போயிற்று என்று பாருங்கள். அந்த ஆந்தைக்கு இருந்த மாதிரிகள் ஏழுதான், ஏழும் 1872-க்கும் 1884-க்கும் இடையில் கிடைத்தவை. இவர் 1914-இல் ஒன்றைப் பிடித்ததாகச் சொன்னார். அது பழைய திருட்டு உடல். அந்தப் பொய்ச் சீட்டை நம்பி ஆந்தையைத் தேடியவர்கள் தப்பான இடத்தில் தேடினார்கள். பமேலா ராஸ்முஸன் மோசடியைத் தோண்டி எடுத்தார். அந்தச் சீட்டைத் தள்ளிவைத்துவிட்டு மெய்யான பழைய இடங்களுக்குத் தன் கூட்டாளிகளோடு போனார். 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தில், பட்டப்பகலில், இலையில்லாத மரத்தில் அந்த ஆந்தை உட்கார்ந்திருந்தது. 113 வருடம் கழித்து.

ஒரு கர்னலின் கையெழுத்தைச் சந்தேகிக்கத் தயங்கியதன் விலை அது.

ஜனவரி 16

ஹேஸ்டிங்ஸ் பற்றி ஒன்று விட்டுப்போனது, விட்டால் தவறாகிவிடும். நீக்கிய அந்த 29-இல் பெரும்பாலானவை பிறகு அப்பழுக்கில்லாத புதுப் பதிவுகளால் பிரிட்டன் பட்டியலுக்குள் மறுபடி வந்துவிட்டன. அந்தப் பறவைகள் அங்கே வரக்கூடியவைதான். வரக்கூடியது என்பதும் அன்றைக்கு வந்தது என்பதும் வேறு வேறு. சரிபார்க்கிறவர்கள் இந்த இரண்டையும் இரண்டு பக்கமும் குழப்பிக்கொள்கிறோம்.

ஜனவரி 19

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். கிடைக்காது என்று எழுதி மூடிய பறவைகளைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் யார்?

ஜெர்டன் கோர்சரை அறிவியல் உலகம் 1900-க்குப் பிறகு பார்க்கவில்லை. 1986 ஜனவரியில் அது ஆந்திரத்தின் கடப்பைப் பக்கம் கிடைத்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பாரத் பூஷண் ஊர் ஊராகப் போய்ப் படத்தைக் காட்டிக் கேட்டார். பறவையைப் பிடித்துக் கொண்டுவந்தவர் ஐத்தன்னா என்ற உள்ளூர் வேட்டைக்காரர், ராத்திரியில் விளக்கு வெளிச்சத்தில். உள்ளூர்க்காரர்களிடம் அதற்குக் 'கலிவி கோடி' என்று பெயரே இருந்தது. 86 வருடம் காணாமல்போயிருந்தது யாருக்கு?

போர்னியோவின் கரும்புருவச் சிலம்பனுக்கு 1840-களில் சேகரித்த ஒரே ஒரு உடல்தான் உலகத்தில் இருந்தது. 2020 அக்டோபரில் கலிமந்தானைச் சேர்ந்த இருவர், இது என்ன பறவை என்று தெரியாமல் பிடித்து, படமெடுத்து, பறக்கவிட்டு, பறவை ஆர்வலர்களிடம் கேட்டார்கள். 170 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. படத்தில் கண் சிவப்பு. அருங்காட்சியக உடலில் மஞ்சள் கண். பாடம் செய்தவர் தன்னிடம் இருந்த மஞ்சள் கண்ணாடிக் கண்ணைப் பொருத்தியிருக்கிறார். படம் இல்லாமல் 'சிவப்புக் கண்' என்று யாராவது எழுதி அனுப்பியிருந்தால் அந்த ஒரு சொல்லுக்காகவே நான் நிராகரித்திருப்பேன்.

ஆனால் தந்தநிற அலகு மரங்கொத்தியையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் எல்லோரும் ஏற்கிற கடைசிப் பார்வை 1944. 2004-இல் ஆர்கன்சா சதுப்புக் காட்டில் சில நொடிகள் ஓடும் ஒரு மங்கலான காணொளி. 2005-இல் 'சயன்ஸ்' இதழில் அட்டைச் செய்தி. மறுவருடமே அதே இதழில் டேவிட் சிப்லியும் மூவரும், சிறகடிப்பில் தெரியும் வெள்ளை சாதாரணமான பைலியேட்டட் மரங்கொத்திக்கும் பொருந்துகிறது என்று எழுதினார்கள். பிறகு வருடக்கணக்காகத் தேடியும் தெளிவாக ஒரு படம் கிடைக்கவில்லை. சேர்ந்து தேடியவர்கள் அத்தனை பேரும் தேர்ந்த கண்கள். பார்க்க வேண்டும் என்ற ஆசை அந்தக் கண்களிலும் வேலை செய்யும்.

ஜனவரி 23

'வரவே முடியாத இடம்' என்று சொல்லும் முன் ஸ்டெல்லர் கடற்கழுகை நினைத்துக்கொள்கிறேன். ரஷ்யாவின் தூரக் கிழக்கும் ஜப்பானும் அதன் வீடு. 2020-இல் ஒன்று அலாஸ்காவின் உள்நாட்டில் தெரிந்தது. 2021-இல் டெக்சாஸ், பிறகு கனடாவின் கியூபெக், நோவா ஸ்கோஷியா, டிசம்பரில் மாசசூசெட்ஸ், அப்படியே மெய்ன். சிறகின் வெள்ளைத் திட்டுகள் எங்கெங்கே எப்படி இருக்கின்றன என்று படங்களை அடுக்கி ஒப்பிட்டுத்தான் ஒரே பறவை சுற்றுகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். டெக்சாஸில் படம் எடுக்காமல் 'பெரிய மஞ்சள் அலகு, வெள்ளைத் தோள்' என்று எழுதியிருந்தால் வெண்தலைக் கழுகின் பெயரைப் போட்டு அனுப்பியிருப்பார்கள். நானும்தான்.

ஜனவரி 24

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன். நம்ப வைப்பதற்காகக் கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள், ஓய்வெடுக்கும் கூட்டத்தை எழுப்பாதீர்கள். சைபீரியாவிலிருந்து பறந்துவந்த பறவைக்கு ஒவ்வொரு எழும்பலும் கொழுப்புச் செலவு. படம் இல்லாத பதிவு நிலுவையிலேயே கிடக்கட்டும்.

பிப்ரவரி 2

அமாவாசையை ஒட்டிய நீர் வற்றத்துக்காகக் காத்திருந்து, நேற்று அந்தச் சேற்றுத்திட்டுக்குப் போனோம். நான், கேள்வி கேட்டவர், இன்னும் இருவர். எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு தொலைநோக்கி வைத்து ஐந்து மணி நேரம். கொசு உள்ளான் 340, கொஞ்சம் பட்டாணி உப்புக்கொத்திகள், பச்சைக்கால் உள்ளான் சில. ஒவ்வொன்றின் அலகையும் பார்த்தோம். கரண்டிவாய் இல்லை. ஒரு கொசு உள்ளான் அலகில் சேற்றோடு வந்தது. கேள்வி கேட்டவர்தான் முதலில் சொன்னார்: 'இது சேறு, இது அப்படி நடக்கவில்லை.' அன்றைக்குத் தான் நின்ற இடத்தைக் காட்டினார், பறவை இருந்த இடம்வரை அளந்தோம். 35 மீட்டர், காலைச் சூரியன் முதுகுப் பக்கம்.

பதிவு இன்னும் 'உறுதிசெய்ய இயலவில்லை' என்றுதான் இருக்கிறது. கீழே நடத்தை, தூரம், வெளிச்சம் மூன்றையும் சேர்த்து ஒரு குறிப்பு போட்டிருக்கிறார்கள். என் சொந்தக் கருத்து கேட்டால், பார்த்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 3

திரும்பி வரும் வழியில் அவர் கேட்டார், 'உங்கள் அரிய பதிவுகளில் படம் இல்லாதது உண்டா?' உண்டு. ஆசிய டோவிச்சர் என்ற கரைப்பறவை, 11 வருடத்துக்கு முந்தையது. அனுப்பிய அன்றே ஏற்றுக்கொண்டார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இன்று காலை அந்த வருடத்துக் களக் குறிப்பேட்டை எடுத்தேன். பக்கம் முழுக்கப் பென்சில்: 'தொலைவு. எதிர் வெளிச்சம். பட்டைவால் மூக்கனைவிடச் சற்றுச் சிறியது, பழுப்பு, தலை குனிந்து குத்துகிறது.' டோவிச்சரையும் மூக்கனையும் பிரிப்பது அலகு. டோவிச்சருக்கு முழுக்கக் கறுப்பு, நேர், நுனி சற்றே தடித்திருக்கும். மூக்கனுக்கு அடிப்பாகம் இளஞ்சிவப்பு, மெல்ல மேல்நோக்கி வளையும். என் குறிப்பிலும் 'அலகு நேர், கறுப்பு, நுனி தடிப்பு' என்று ஒரு வரி இருக்கிறது. அது மட்டும் நீல மையில், ஓரத்தில்.

களத்துக்கு நான் பேனா எடுத்துப்போனதே கிடையாது.

மதியம் பதிவை நீக்கிவிட்டேன்.